உயிரை வடிக்கும் உயிர் – பகுதி 12: முயலும் மிக்சோமா வைரசும்

ஓர் உயிரினம் மற்றோர் உயிரினத்தின் வாழ்வில் நெருக்கடியை உண்டாக்குவதும், அந்த நெருக்கடியில் பிழைத்துத் தேறிய இரண்டாவது இனத்தின் வழித்தோன்றல்கள் முதல் இனத்துக்குப் புதிய நெருக்கடியாக அமைவதும், இவ்வாறு இரண்டும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே செல்வதும் கூட்டுப் பரிணாமம் எனப்படும். பட்டாம்பூச்சிகளுக்கும் அவற்றின் புழுக்கள் தின்னும் செடிகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து பால் எர்லிக், பீட்டர் ரேவன் ஆகிய இருவரும் 1964இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இக்கருத்து உயிரியலில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. ஆயினும் அத்திக் காயும் அதற்குள் வாழும் குளவியும், ஆழ்ந்த தேன்குழல் கொண்ட மலரும் அதற்கேற்ற நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சியும் போன்ற புகழ்பெற்ற சான்றுகள் யாவும் நெடுங்காலத்துக்கு முன் தொடங்கியவை. தொடக்கத்தில் இரு தரப்பும் எவ்வாறு இருந்தன என்பதை அங்கே ஊகிக்கத்தான் முடியும். தொடங்கிய ஆண்டும் இடமும் தெரிந்து, அன்றைய வைரசின் மாதிரியும் அன்றைய முயல்களின் உடல்களும் காப்பாற்றி வைக்கப்பட்டு, இரு தரப்பிலும் நேர்ந்த மாற்றம் ஆண்டுக்கு ஆண்டு அளக்கப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டென்றால், அது ஆஸ்திரேலியாவில் ஐரோப்பிய முயலுக்கும் மிக்சோமா வைரசுக்கும் இடையே நடந்ததுதான்.

ஆஸ்திரேலியாவில் முயல் இயல்பாக இருந்த உயிரினம் அன்று. 1788இல் சிட்னிக்கு வந்த முதல் கப்பற்கூட்டத்திலேயே கூண்டு முயல்கள் இருந்தபோதிலும், வளர்ப்பு முயல்களின் சாந்த குணம் கொண்ட அவை காட்டில் பெருகவில்லை. விக்டோரியா மாகாணத்தில் பார்வன் பார்க் என்னும் பண்ணையின் உரிமையாளரான தாமஸ் ஆஸ்டின், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து காட்டு முயல்களை வரவழைத்தார். 1859 கிறிஸ்துமஸ் நாளில் அவை அவருடைய பண்ணைக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் எண்ணிக்கை இரண்டு டஜனைத் தாண்டவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அவற்றின் வழித்தோன்றல்கள் அக்கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி, ஆடுகளுக்கான புல்லைத் தின்று தீர்த்து, மரக்கன்றுகளைக் கடித்து அழித்து, மண்ணை வெறுந்தரையாக்கின. கண்டம் முழுவதையும் ஆக்கிரமித்த முயல்களின் மரபணுக்கள் பெரும்பாலும் இந்த ஒரே வரவிலிருந்தே வந்தவை என்பதை 2022இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியுள்ளது.

இவற்றை ஒழிக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் பல. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1887இல் 25,000 பவுண்டு பரிசு அறிவித்தபோது, பாரிசிலிருந்து லூயி பாஸ்டர் தம் உறவினரான அட்ரியன் லுவாரைக் கோழிக் காலரா கிருமியுடன் அனுப்பி வைத்தார். அக்கிருமி தரப்பட்ட முயலைக் கொன்றதே ஒழிய முயலிலிருந்து முயலுக்குப் போதிய அளவில் தொற்றவில்லை என்பதால் பரிசு வழங்கப்படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை கம்பிவேலி கட்டியது. முதல் வேலி மட்டுமே 1,833 கிலோமீட்டர் நீண்டது. வேலி முடியும் முன்பே முயல்கள் அதைக் கடந்து அப்பால் சென்றிருந்தன.

தீர்வு என்று பின்னாளில் கருதப்பட்டது தென் அமெரிக்காவில் தற்செயலாகத் தென்பட்டது. உருகுவே நாட்டின் மாண்டிவீடியோ நகரில் ஆய்வுக்கூடம் நடத்திய இத்தாலிய அறிஞர் ஜூசெப்பே சனரெல்லியின் ஐரோப்பிய முயல்கள் 1896இல் இனந்தெரியாத நோயால் கூட்டமாக மடிந்தன. நோயுற்ற முயலின் இமைகள் வீங்கி மூடிக்கொள்ள, கண்களிலிருந்து சீழ் வடிய, காதுகளிலும் மூக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றிலும் கூழ் போன்ற பொருள் நிறைந்த கட்டிகள் எழ, தலை முழுவதும் பருத்துச் சிங்க முகம் போலாகி, இரு வாரங்களுக்குள் உயிர் பிரிந்தது. இதுவே மிக்சோமடோசிஸ். பெரியம்மை வைரசின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் வைரஸ் எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு, நாற்பதுகளில் பிரேசில் அறிஞர் என்ரிக்கே அரகாவோ விடை கண்டார். அந்நாட்டுக் காடுகளில் வாழும் தபெத்தி என்னும் உள்ளூர் முயலிடம் அது நெடுங்காலமாக இருந்து வந்தது; அம்முயலுக்கு அது கொசு கடித்த இடத்தில் ஒரு சிறு கட்டியை மட்டுமே தந்தது. ஓம்புயிரி எனப்படும், ஒட்டுண்ணிக்கு உணவும் உறைவிடமும் ஆகிற உயிர், நெடுங்காலம் பழகிய ஒன்றாக இருக்கும்போது ஒரு கட்டியாக முடியும் தொற்று, பழகாத ஓர் உறவினத்தில் நுழைந்தவுடன் கொள்ளைநோயாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இந்நோயை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவருமாறு விடாமல் வலியுறுத்தியவர் மெல்போர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவரும் போலியோ ஆய்வாளருமான ஜீன் மெக்னமாரா. முப்பதுகளில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப்பின் ஆய்வுக்கூடத்தில் இவ்வைரசைப் பற்றி அறிந்த அவர், அதன் பயனை ஆஸ்திரேலிய அரசுக்கு எழுதித் தெரிவித்தார். வைரஸ் மற்ற விலங்குகளைத் தாக்குவதில்லை என்று உறுதி செய்தபின் லயனல் புல் என்னும் கால்நடை அறிஞர் தென் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவிலும் வறண்ட உள்நாட்டிலும் அதைச் சோதித்துப் பார்த்தார். ஆனால் கொசுக்கள் குறைந்த அவ்விடங்களில் நோய் பரவாமல் அடங்கிப் போனதால் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முயல்கள் முன்னிலும் பெருகிவிட, மெக்னமாரா செய்தித்தாள்கள் வழியே வெளிப்படையாகப் போராடினார். பிரான்சிஸ் ராட்கிளிஃப் தலைமையில் அரசின் வனவிலங்கு ஆய்வுப் பிரிவு 1950இல் முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில இடங்களில் வைரசைச் செலுத்திய முயல்களை விடுவித்தது.

இம்முறையும் நோய் அணைந்துவிட்டதாகவே மாதக்கணக்கில் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரில், மழையால் ஆற்றங்கரைகளில் நீர் தேங்கிக் கொசுக்கள் பெருகியபோது, விடுவித்த இடங்களுக்கு நெடுந்தொலைவு அப்பால் முயல்கள் குருடாகி வெட்டவெளியில் தடுமாறுவதாகச் செய்திகள் வரத் தொடங்கின. சில மாதங்களில் முர்ரே, டார்லிங் ஆறுகளின் படுகை நெடுகிலும் நோய் பரவியது. அதே கோடையில் அதே ஆற்றுப் பகுதியில் மனிதரிடம் கொடிய மூளைக்காய்ச்சல் ஒன்றும் தலைகாட்டவே, முயல் வைரஸ்தான் காரணம் என்ற அச்சம் மக்களிடையே எழுந்தது. மாக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் கிளூனிஸ் ராஸ் ஆகிய மூன்று அறிஞர்கள் மிக்சோமா வைரசைத் தங்கள் உடலிலேயே ஊசி வழியே செலுத்திக்கொண்டு, மனிதரை அது தாக்குவதில்லை என்று மெய்ப்பித்த பின்னரே அச்சம் தணிந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 60 கோடியாக மதிப்பிடப்பட்டிருந்த முயல்கள் இரண்டே ஆண்டுகளில் 10 கோடியாகக் குறைந்தன என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. அந்த எண்ணுக்குப் பின்னால் கண்ணும் காதும் அழுகி, பசியிலும் வெயிலிலும் மடிந்த உயிர்களின் துன்பம் இருந்தது என்பதையும், அந்தத் துன்பம் மனிதர் தெரிந்தே விளைவித்தது என்பதையும் எந்த வரலாற்று நூலும் மறைக்கலாகாது.

அறிவியலுக்கு இது பயன்பட்டதற்குக் காரணம் ஃபிராங்க் ஃபென்னரின் முன்யோசனை. 1949இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அவர், நோய் பரவத் தொடங்கிய காலத்திலிருந்தே, வெவ்வேறு ஊர்களில் இறந்த முயல்களிடமிருந்து வைரஸ் மாதிரிகளைச் சேகரித்து உறைநிலையில் சேமித்தார். ஒவ்வொரு மாதிரியையும் இதற்கு முன் இந்நோயையே அறியாத ஆய்வுக்கூட முயல்கள் சிலவற்றுக்குச் சிறிதளவு செலுத்தி, அவை எத்தனை நாள் உயிர் வாழ்கின்றன என்று கணக்கிட்டு, வீரியத்தை, அதாவது கொல்லும் ஆற்றலை, ஐந்து படிகளாக வகுத்தார். முதற்படி வைரஸ் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட முயல்களைப் பதின்மூன்று நாள்களுக்குள் கொன்றது. மூன்றாம் படி 70 முதல் 95 விழுக்காடு முயல்களை 17 முதல் 28 நாள்களில் கொன்றது. ஐந்தாம் படியில் பாதிக்கு மேற்பட்டவை பிழைத்தன. 1950இல் விடுவிக்கப்பட்ட வைரஸ் முதற்படியைச் சேர்ந்தது. நியூ சவுத் வேல்சின் யுரானா ஏரிக்கரையில் முதல் அலையில் நோயுற்றவற்றுள் 99.8 விழுக்காடு இறந்தன; அடுத்த கோடையிலோ அங்கேயே இறப்பு ஏறத்தாழ 90 விழுக்காடாகத் தாழ்ந்தது. ஐம்பதுகளின் நடுவில் நாடெங்கும் கிடைத்த மாதிரிகளில் மூன்றாம் படி வைரசே மிகுந்திருந்தது. முதற்படி வைரசை அதிகாரிகள் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் விட்டுப் பார்த்தும் அது நிலைக்கவில்லை.

ஏன் மூன்றாம் படி? இதற்கு விடை கொசுவின் வாயுறுப்பில் இருந்தது. மலேரியாக் கிருமியைப் போல மிக்சோமா வைரஸ் கொசுவின் உடலுக்குள் புகுந்து பெருகுவதில்லை. நோயுற்ற முயலின் வீங்கிய இமையிலோ காதுக் கட்டியிலோ கொசு குத்தும்போது தோலில் உள்ள வைரஸ் அதன் ஊசி போன்ற வாயுறுப்பில் ஒட்டிக்கொள்கிறது; அடுத்த முயலைக் குத்தும்போது இறங்கிவிடுகிறது. கட்டியில் குண்டூசியைக் குத்தி எடுத்து வேறொரு முயலின் தோலில் குத்தினாலும் நோய் அதேபோல் தொற்றியதைக் கண்ட ஃபென்னர் குழுவினர், கொசுவைப் பறக்கும் குண்டூசி என்றே வருணித்தனர். எனவே ஒரு வைரஸ் வகை எத்தனை முயல்களைச் சென்றடையும் என்பதை இரண்டு செய்திகள் தீர்மானித்தன: தோல் கட்டியில் வைரஸ் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, அந்த நிலை எத்தனை நாள் நீடிக்கிறது. முதற்படி வைரசின் கட்டிகளில் வைரஸ் நிறைந்திருந்தாலும் முயல் விரைவில் இறந்துவிட, உயிரற்ற உடலைக் கொசு நாடுவதில்லை. ஐந்தாம் படியிலோ கட்டி சிறுத்து ஆறிவிடுகிறது. கட்டியும் நிறைந்து, முயலும் பல நாள் உயிரோடு நடமாடும் இடைப்பட்ட வகையே மிகுதியான கொசுக்களுக்குக் கிட்டியது. அதனால் அதுவே பெருகியது. வைரஸ் இரக்கம் கொண்டு தணியவில்லை. பரவும் வாய்ப்பு எங்கே மிகுதியோ அங்கே இயற்கைத் தேர்வு அதை நிறுத்தியது. அந்த நிலையிலும் பத்தில் ஏழு முயல்களாவது மாண்டன என்பது கவனிக்கத்தக்கது.

இத்தனை பேரிறப்புக்கிடையே முயல்கள் மாறாமல் இருந்திருக்க முடியாது. அதை அளந்தறியக் கையாண்ட முறை எளிமையிலும் நுட்பமானது. யுரானா ஏரிக்கரையில் ஒவ்வொரு நோயலைக்கும் பின் பிறந்த, ஆகவே நோயால் தீண்டப்படாத, குட்டிகளைப் பிடித்து வந்து, 1952இல் சேமித்து உறைய வைத்த ஒரே மூன்றாம் படி வைரசை அவற்றுக்குச் செலுத்தினர். வைரஸ் மாறாத அளவுகோலாக இருந்ததால், விளைவில் தெரிந்த வேறுபாடு முழுவதும் முயலைச் சார்ந்தது. தொடக்க அலைகளுக்குப் பின் பிறந்த குட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இறந்தன. ஏழாவது அலைக்குப் பின் பிறந்தவற்றில் இறந்தவை ஏறத்தாழ 25 விழுக்காடு மட்டுமே. ஏழெட்டு ஆண்டுகளில், முதுகெலும்புள்ள ஒரு விலங்கின் பரம்பரை எதிர்ப்பாற்றல் இவ்வளவு உயர்ந்ததைக் கண்ணெதிரே பதிவு செய்த ஆய்வு அதுவரை இருந்ததில்லை. நோயிலிருந்து மீண்ட ஒரு முயல் தன் வாழ்நாளில் பெறும் எதிர்ப்பாற்றலையும் இதையும் ஒன்றாகக் கருதலாகாது. இங்கே மாறியது பிறவியிலேயே வரும் உடலமைப்பு.

இதற்கிடையே பிரான்சில் இரண்டாவது சோதனை எவருடைய திட்டமும் இன்றித் தொடங்கியது. ஓய்வுபெற்ற மருத்துவரான போல் அர்மான் தெலீல், மய்புவா என்னும் ஊரில் இருந்த தம் மதில் சூழ்ந்த தோட்டத்தின் முயல்களை ஒழிக்க, 1952 ஜூனில் லோசானிலிருந்து வைரசைப் பெற்று இரு முயல்களுக்குச் செலுத்தினார். மதில் கொசுக்களைத் தடுக்கவில்லை. நோய் பிரான்ஸ் முழுவதும் பரவி, அண்டை நாடுகளையும் தொட்டு, 1953இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியை அடைந்தது. வேட்டைக்காரர்களின் வழக்கால் அவருக்கு 5,000 பிராங்கு அபராதம் விதிக்கப்பட்டது. முயல்களால் பயிரிழந்தவர்களின் நன்றியாக 1956இல் அவருக்கு ஒரு தங்கப் பதக்கமும் வழங்கப்பட்டது. பிரிட்டனில் கொசுவை விடத் தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமந்தது. ஆயினும் அங்கும் வைரஸ் இடைப்பட்ட வீரியத்தை நோக்கியே நகர்ந்தது, முயல்களின் எதிர்ப்பாற்றலும் உயர்ந்தது.

பிரிட்டனில் முயல்கள் அழிந்ததால் நேர்ந்த ஒரு பின்விளைவு, இரண்டு உயிர்களின் போராட்டம் இரண்டோடு நிற்பதில்லை என்பதைக் காட்டும். பெருநீலன் என்று அழைக்கத்தக்க ஒரு நீல வண்ணத்துப்பூச்சியின் புழு, சில நாள் செடியைத் தின்றபின் தரையில் விழுந்து, ஒரு வகைச் சிவப்பு எறும்பை ஏமாற்றி அதன் புற்றுக்குள் தூக்கிச் செல்லப்பட்டு, அங்கே எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளர்வது. அந்த எறும்போ, புல் கட்டையாக மேயப்பட்டு வெயில் தரையில் படும் சரிவுகளில்தான் செழித்தது. முயல்கள் போனதும் புல் உயர்ந்தது, நிழலால் மண் குளிர்ந்தது, எறும்பு குன்றியது, 1979இல் அந்த வண்ணத்துப்பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனது. எறும்புக்கும் புல்லின் உயரத்துக்கும் உள்ள தொடர்பை ஜெரமி தாமஸ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்த பின், எண்பதுகளில் சுவீடனிலிருந்து கொண்டுவந்து அதை மீண்டும் நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்பெயினில் முயலையே பெரும்பாலும் உண்டு வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை, மிக்சோமடோசிசாலும் பின்னர் வந்த முயல் இரத்தக்கசிவு நோயாலும் இரையிழந்து, வாழிடமும் சுருங்கி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறுக்கும் குறைவான வளர்ந்த விலங்குகளாகச் சுருங்கியது.

ஒட்டுண்ணி தன் ஓம்புயிரியைக் கொல்வது தனக்கே கேடு என்பதால், காலப்போக்கில் எல்லா நோய்க்கிருமிகளும் சாதுவாகிவிடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோபால்ட் ஸ்மித் முதலியோர் பரப்பிய கருத்து. ஆஸ்திரேலிய முயல்களின் வரலாற்றை அதற்குச் சான்றாகப் பல பாடநூல்கள் காட்டின; கொரோனாத் தொற்றுக் காலத்திலும் அதே நம்பிக்கை வேறு சொற்களில் உலகெங்கும் ஒலித்தது. இது தவறான வாசிப்பு. 1982இல் ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே ஆகிய இருவரும் ஃபென்னரின் அளவீடுகளைக் கணித முறையில் ஆராய்ந்து, வைரஸ் நாடுவது அமைதியை அன்று, பரவலின் உச்சத்தை மட்டுமே என்றும், அந்த உச்சம் எங்கே அமைகிறதோ அந்த அளவு கொடுமை நீடிக்கும் என்றும் விளக்கினர். அதன் உட்பொருள் மேலும் முக்கியமானது: முயலின் எதிர்ப்பாற்றல் உயர்ந்தால், பழைய மூன்றாம் படி வைரஸ் அதன் தோலில் போதிய கட்டியை உண்டாக்க இயலாது, அப்போது வைரசுக்கு ஏற்ற உச்சமும் இடம் மாறும், மேலும் வீரியமுள்ள வகைகளுக்கே வாய்ப்பு மிகும்.

அவ்வாறே நடந்தது. தொண்ணூறுகளில் ஆஸ்திரேலியக் காட்டு முயல்களிடமிருந்து எடுத்த சில வைரஸ் மாதிரிகளை, எதிர்ப்பாற்றல் பெறாத ஆய்வுக்கூட முயல்களுக்குச் செலுத்திப் பார்த்த பீட்டர் கெர் குழுவினர், 2017இல் வெளியிட்ட முடிவு இதை உறுதிப்படுத்தியது. அம்முயல்களில் வழக்கமான கட்டிகள் பெரிதாக எழவில்லை. மாறாக, நோயெதிர்ப்பு அமைப்பே சரிந்து, பாக்டீரியாக்கள் தடையின்றிப் பெருகி, நச்சு அதிர்ச்சி போன்ற நிலையில் அவை விரைவாக மடிந்தன. 1950இல் எவரும் காணாத நோய்வடிவம் இது. எதிர்ப்பாற்றல் பெற்ற முயலின் உடலைச் சமாளிக்க வைரஸ் கூர்மைப்படுத்திக்கொண்ட கருவி, எதிர்ப்பாற்றல் இல்லாத முயலின் உடலில் இவ்வளவு கொடுமையாக வெளிப்பட்டது. முயல் ஏற ஏற வைரசும் ஏறியது. காட்டில் இறப்பு விகிதம் நடுத்தரமாகத் தோன்றுவது இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டி நிற்பதால்தானே தவிர, ஓய்ந்ததால் அன்று.

மரபணுக்களை நேரடியாகப் படிக்கும் வசதி வந்தபின் இரு தரப்பின் பாதைகளும் தெளிவாயின. அருங்காட்சியகங்களில் இருந்த, நோய்க்கு முற்பட்ட முயல்களின் உடல்களையும் இன்றைய முயல்களையும் ஒப்பிட்டு, ஜோயல் ஆல்வெஸ் முதலியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் பல மரபணுக்களில் ஒரே மாதிரியான மாற்றங்கள் தனித்தனியே ஓங்கியிருந்தது தெரிந்தது. ஒப்பிடப்பட்ட பழைய உடல்களுள் சார்ல்ஸ் டார்வினுக்குச் சொந்தமாயிருந்த முயல் ஒன்றும் இருந்தது. வைரசைக் கண்டதும் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தின் ஒரு வகை அம்மாற்றங்களுள் அடங்கும். இவை நோய் வந்தபின் புதிதாகத் தோன்றியவை அல்ல. ஐரோப்பிய முயல்களிடையே முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த வேறுபாடுகள், ஆஸ்டினின் பண்ணைக்கு வந்த சிறு கூட்டத்திலும் கலந்திருந்து, நோய் வந்தபோது மேலெழுந்தவை. வைரசின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அதன் வீரியம் ஒரே திசையில் மாறியபோதிலும், அதற்குக் காரணமான மரபணு மாற்றங்கள் இரு கண்டங்களிலும் வெவ்வேறாகவே இருந்தன. ஏறத்தாழ 1,60,000 எழுத்துகள் கொண்ட அந்த மரபுத் தொகுப்பில், ஒரே விளைவைத் தரும் வழிகள் பல இருந்திருக்கின்றன.

2018இன் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஸ்பெயினின் தென்பகுதியில் ஐபீரிய ஹேர் என்னும் விலங்குகள் வீங்கிய இமைகளோடு ஏராளமாக இறந்து கிடந்தன. முயலுக்கு நெருங்கிய உறவினதாயினும் வேறு பேரினத்தைச் சேர்ந்த இவ்விலங்கை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதே வயல்வெளிகளில் சுற்றிவந்த மிக்சோமா வைரஸ் அரிதாகவே தொட்டிருந்தது. இறந்த உடல்களிலிருந்து எடுத்த வைரசின் மரபுத் தொகுப்பைப் படித்தபோது, வேறோர் அம்மை வைரசிலிருந்து வந்த ஒரு துண்டு அதில் இணைந்திருப்பது தெரிந்தது. மய்புவாவின் தோட்டத்தில் 1952இல் தொடங்கியதை ஒத்த கணக்கு, புதிய ஓம்புயிரியோடும் மாறிய வைரசோடும், அங்கே முதலிலிருந்து எண்ணப்படத் தொடங்கியுள்ளது.

(தொடரும்)